பாட்டு, கதை, பொம்மை... பாடம் எப்போ நடக்குது? அரசுத் தொடக்கப் பள்ளி வகுப்பறையின் ஒரு நாள்

"இன்னிக்கி ஸ்கூல்ல என்னா நடத்துனாங்க?"

"பாட்டு பாடுனோம். பொம்மை வெச்சு கதை சொன்னோம். அப்புறம் புளியங்கொட்டை எண்ணுனோம்."

"அதெல்லாம் இருக்கட்டும். பாடம் எப்ப நடத்துனாங்க?"

ஊரில் இருக்கும் அக்கா மகளிடம் வீடியோ காலில் பேசும்போது நீங்களும் இப்படிக் கேட்டிருக்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் சாயங்காலம் எழும் கேள்விதான் இது. "மூணாவது படிக்கிறா, ஆனா ஒண்ணாவது புக்ல இருக்கிற எழுத்த எழுதிட்டு இருக்கா" என்று ஆயா ஒருபுறம் கவலைப்படுவார். "பேசாம இங்கிலீஷ் மீடியத்துல சேத்துடலாமா?" என்று அடுத்த பேச்சு ஆரம்பிக்கும்.

அந்த முடிவை எடுப்பதற்கு முன், வகுப்பறைக்குள் காலையிலிருந்து மாலை வரை என்ன நடக்கிறது, ஏன் அப்படி நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடலாம். திண்டிவனத்தைச் சுற்றி ஒலக்கூர், மயிலம், மரக்காணம் ஒன்றியங்களில் இருப்பது போன்ற ஒரு சின்ன ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 35 பிள்ளைகள். இரண்டு ஆசிரியர்கள். கீழே வருவது குறிப்பிட்ட ஒரு பள்ளியின் கதை அல்ல. இந்த அளவுள்ள பள்ளியில் ஒரு நாள் எப்படி ஓடும் என்பதற்கான மாதிரி.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியரா?

ஆமாம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். கணக்கு பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துப் போடப்படுகிறது. வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல.

அதனால் நம் 35 பேர் பள்ளியில் ஒரு ஆசிரியரிடம் 1, 2, 3 வகுப்புகள். இன்னொருவரிடம் 4, 5. இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர் என்பதால் பதிவேடு, கூட்டம், சத்துணவுக் கணக்கு எல்லாம் அவர் தலையில்.

இப்போது 1, 2, 3 வகுப்புகள் இருக்கும் அறைக்குள் போவோம். 18 பிள்ளைகள். ஐந்து வயதுக் குழந்தையும் எட்டு வயதுச் சிறுமியும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காலை: முதல் பாடம் தட்டில்

நாள் தொடங்குவது சமையல் கூடத்தில். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று.

இதைப் படிப்போடு சேர்த்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. விடியற்காலையில் பூப்பறிக்கவோ, உப்பளத்துக்கோ, கரும்பு வெட்டவோ அம்மா, அப்பா கிளம்பிவிடும் வீடுகளில் பிள்ளை வெறும் வயிற்றோடு வருவது சாதாரணம். பசியில் இருக்கும் பிள்ளைக்கு முதல் ஒன்றரை மணி நேரம் காதில் எதுவும் ஏறாது. அதே பிள்ளை மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், காலை நேரம் முழுசாக வகுப்புக்குக் கிடைக்கிறது.

முதல் அரை மணி: எல்லாருக்கும் ஒரே பாட்டு

காலைத் தமிழ் வகுப்புக்கு 90 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒரு பாட்டைத் தொடங்குகிறார். மழை பற்றிய பாட்டு. மூன்று வகுப்பும் சேர்ந்து பாடுகிறது, கை தட்டுகிறது. பிறகு இரண்டு கைப்பொம்மைகள் பேசிக்கொள்கின்றன. ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு இதுதான் கண்ணில் படும். "வெளையாட்டு காட்றாங்க" என்று தோன்றும்.

உள்ளே நடப்பது வேறு. விழுப்புரம் பக்கத்துப் பேச்சில் வீடு 'வூடு' ஆகிவிடும். பழம் 'பயம்' ஆகும். மழை 'மய' ஆகும். அதில் தவறு ஒன்றும் இல்லை, அது அந்த மண்ணின் பேச்சு. ஆனால் புத்தகத்தில் 'மழை' என்று அச்சாகி இருக்கிறது. 'மய' என்று மட்டுமே கேட்டு வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தைக்கு அச்சில் இருக்கும் சொல்லும் தனக்குத் தெரிந்த மழையும் ஒன்றுதான் என்பது தானாகத் தெரியாது. பாட்டில் அந்தச் சொல்லைப் பத்து முறை வாயால் சொல்லி, காதால் கேட்ட பிறகு எழுத்தைப் பார்க்கும்போது இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதே பாட்டை எழுத்தில் பார்த்துப் படிக்கிறாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒலியை மட்டும் பிடித்துக்கொள்கிறான். பாட்டு ஒன்று, வேலை வேறு வேறு.

அடுத்த ஒரு மணி நேரம்: அரும்பு, மொட்டு, மலர்

இங்கேதான் ஆயாவின் கவலைக்குப் பதில் இருக்கிறது.

2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், 2025-க்குள் அதை எட்ட வேண்டும் என்பது இலக்கு. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை. 2023-24 கல்வியாண்டில் 4, 5-ஆம் வகுப்புகளும் சேர்ந்தன.

இதில் பிள்ளையின் வகுப்பை வைத்துப் பாடம் முடிவாவதில்லை. முதலில் ஒரு திறனறிதல். ஒன்றாம் வகுப்பு அளவில் இருந்தால் 'அரும்பு'. இரண்டாம் வகுப்பு அளவில் இருந்தால் 'மொட்டு'. மூன்றாம் வகுப்பு அளவுக்கு வந்துவிட்டால் 'மலர்'. ஆக மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பிலும் இருக்கலாம், மலரிலும் இருக்கலாம். வருகைப் பதிவேட்டில் அவள் மூன்றாம் வகுப்புதான். படிப்பை மட்டும் எங்கே விட்டாளோ அங்கிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

பாட்டு முடிந்ததும் மலர் பிள்ளைகள் படித்தல் களத்தில் கதைப் புத்தகம் எடுத்துக்கொள்கிறார்கள். மொட்டுப் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து சொல் அட்டைகளை அடுக்குகிறார்கள். ஆசிரியர் அரும்புப் பிள்ளைகள் ஆறு பேரோடு தரையில் உட்காருகிறார்.

"இத படி கண்ணு."

"கோ... ழி... கோழி!"

"இது?"

சிறுமி தயங்குகிறாள். அட்டையில் 'கொடி' என்று இருக்கிறது.

இந்தத் தயக்கம் தமிழ் படிக்கத் தொடங்கும் நிறையப் பிள்ளைகளுக்கு வருவது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்து என்பது நமக்குத் தெரியும். பிள்ளைக்கு எண்ணிக்கையை விட வரிசைதான் சிக்கல். இடமிருந்து வலம் படி என்று சொல்லித் தருகிறோம். ஆனால் 'கெ' என்பதில் கொம்பு முதலில் வருகிறது. ஒலியில் எகரம் க்-க்குப் பிறகுதான் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. 'கோ' என்றால் முன்னால் இருக்கும் கொம்பு ரெட்டைச் சுழியாகிறது. சின்ன வட்டம் ஒன்று கூடினால் குறில் நெடிலாகிவிடும்.

உகரம் இன்னொரு வம்பு. கு, சு, டு, து, ரு என்று பார்த்தால் ஒவ்வொன்றிலும் குறி வேறு மாதிரி. ஆகாரத்துக்குக் கால் போட்டால் போதும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, உகரத்துக்கும் ஒரே குறி இருக்கும் என்று தேடுவாள். கிடைக்காது.

இதை 18 பேருக்கும் சேர்த்துக் கரும்பலகையில் ஒருமுறை விளக்கினால், ஏற்கெனவே புரிந்தவருக்கு அலுப்பு. புரியாதவர் பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்டு வாயசைப்பார். எந்தப் பிள்ளை எந்தக் குறியில் தடுக்கி விழுகிறாள் என்று தெரிய வேண்டுமென்றால், ஆசிரியர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தனியாகப் படிப்பதைக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு நாளில் கிடைப்பது அரை மணி நேரம்.

இந்த நாளின் முக்கியமான நேரம் அந்த அரை மணிதான். மற்றவர்கள் பாட்டு, கதைப் புத்தகம், அட்டை என்று தாங்களே இயங்கிக்கொண்டிருந்தால்தான் அது ஆசிரியருக்குக் கிடைக்கும். மூன்று வகுப்புக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்தினால் ஒரு வகுப்புக்கு 30 நிமிடம் வரும். மீதி 60 நிமிடம் அந்தப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இது ஏன் இவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது?

2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தையை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பள்ளி மூடியிருந்தது. 1 முதல் 8-ஆம் வகுப்புகளுக்குப் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ல். அந்தக் குழந்தை முதன்முதலாக வகுப்பறையில் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பு. அடுத்த ஜூனில் மூன்றாம் வகுப்பு. அ, ஆ தெரியாமல் மூன்றாம் வகுப்புப் புத்தகம் கைக்கு வந்துவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்ப எடுத்த முதல் பெரிய முயற்சிக்கு இந்த மாவட்டமே தொடக்க இடம். 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் ஒன்றியம் முதலியார்குப்பத்தில்தான் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சாயங்காலம் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், ஊருக்குள்ளேயே, தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் வகுப்பு நடந்தது.

நிலைமை எவ்வளவு மோசம் என்று எண்ணிக்கையும் சொன்னது. கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018-ல் 10.2 சதவீதம். 2022-ல் அது 4.8 சதவீதமாக இறங்கியது. 2024 ஆய்வில் மீண்டும் ஏறியது. கொரோனாவுக்கு முந்தைய எண்ணையும் ஒருமுறை பாருங்கள். அப்போதே பத்தில் ஒரு பிள்ளைதான். கொரோனா இருந்த பள்ளத்தை இன்னும் ஆழமாக்கியது.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் போட்டு நிறுத்தி வைப்பதில்லை. சின்னப் பிள்ளையை நிறுத்தி வைத்தால் பள்ளியை விட்டே போய்விடும் என்பதால் அது சரியான முடிவு. ஆனால் ஒரு பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்று சொல்ல வேறு மணி எதுவும் அடிக்காது. மூன்றாம் வகுப்பு வரை படிக்கக் கற்றுக்கொள்கிறோம். அதற்குப் பிறகு படித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறோம். கணக்கில் 'மீதி எவ்வளவு?' என்ற கேள்வியைப் படிக்கத் தெரியாதவளுக்குக் கழித்தல் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை.

இது புதுசா?

உங்களுக்கு இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகி, தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருந்தால், இது புதுசு இல்லை என்று உங்களுக்கே தெரியும். அட்டை ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். சுவரில் ஏணிப்படி. அறையின் குறுக்கே கம்பிப் பந்தல், அதில் தொங்கும் உங்கள் ஓவியம். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். அதுதான் செயல்வழிக் கற்றல்.

2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். பிறகு அவர் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் மாநில இயக்குநரானார். 2007-08-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆசிரியர் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவர் முழு உதவி, பகுதி உதவி, தானே கற்றல், மதிப்பீடு என்று ஆறு குழுவாகப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

அந்த முறையின் வேர் ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில். சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்பு என்று இருந்த சின்னப் பள்ளிகளுக்காக அங்கே உருவான வழி அது. கொலம்பியாவின் மலைக் கிராமங்களிலும் 1970-களில் இதே சிக்கலுக்குக் கிட்டத்தட்ட இதே வழியைத்தான் கண்டுபிடித்தார்கள்.

செயல்வழிக் கற்றலில் என்ன இடித்தது? அட்டைகள் தேய்ந்தன, தொலைந்தன. பிள்ளை அட்டையை எடுத்தாள், வைத்தாள். ஆனால் ஆசிரியர் பக்கத்தில் உட்காரும் நேரம் எல்லாப் பள்ளியிலும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே கற்றுக்கொள்வார்கள் என்று நம்பி விட்ட இடங்களில், மெதுவாகக் கற்பவர்கள் அதே படியில் நின்றுவிட்டார்கள்.

மதியம்: கணக்கு

சத்துணவு முடிந்து கணக்கு. புளியங்கொட்டை, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள், ஆணிமணிச் சட்டம்.

ஆசிரியர் "முந்நூற்று ஐந்து எழுது" என்கிறார். ஒரு மொட்டுப் பிள்ளை 3005 என்று எழுதுகிறான். முந்நூறு என்றால் 300, பக்கத்தில் 5. அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதிவிட்டான். தப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

தமிழ் எண்ணுப் பெயர்களிலேயே ஒரு பொறி உண்டு. 'தொண்ணூறு' என்ற சொல்லில் நூறு கேட்கிறது. ஆனால் எண் 90. 'தொள்ளாயிரம்' என்பதில் ஆயிரம் கேட்கிறது. ஆனால் எண் 900. எண்பது வரை ஒழுங்காக வந்த பிள்ளை இங்கே வந்து குழம்புவதில் ஆச்சரியம் இல்லை. ஒன்பது கட்டுக் குச்சியைக் கையில் எடுத்து, "நூறு ஆவறதுக்கு இன்னும் எத்தன கட்டு வேணும்?" என்று கேட்டால் அவனே "ஒண்ணு டீச்சர்" என்பான். குச்சியும் கொட்டையும் எதற்கு என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

எங்கே சறுக்குகிறது?

காகிதத்தில் இந்த நாள் அழகாக இருக்கிறது. நடைமுறையில் அந்த அரை மணி நேரத்தைத் தின்ன நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

முதலாவது, செயலி. மதிப்பீடு, வருகை, பலவிதப் பதிவுகள் என்று எல்லாம் செல்போனில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊரில் இது தனிப் போராட்டம். இந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து கேட்டு வந்திருக்கின்றன.

இரண்டாவது, ஆள் இல்லாமை. இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ விழுப்புரம் போய்விட்டால், அன்று ஐந்து வகுப்புக்கும் ஒருவர். அன்றைக்கு அரும்புக் குழு என்று ஒன்று நடக்காது.

மூன்றாவது, பெயர். அரும்பு என்பது இன்றைக்கு நிற்கும் இடம். அதை "நீ அரும்புதானே, அங்க போய் உக்காரு" என்று சொல்ல ஆரம்பித்தால் அது பட்டப் பெயராகிவிடும். எட்டு வயதில் பிள்ளைக்குத் தன் இடம் நன்றாகவே புரியும்.

நான்காவது, செங்கல் சூளை. இந்த மாவட்டத்தில் இருளர் குடும்பங்கள் பல, தை மாதம் தொடங்கி வெயில் காலம் முழுக்கச் சூளை வேலைக்கு வெளியூர் போகின்றன. பிள்ளைகளும் கூடவே. திண்டிவனத்தில் இருந்து இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், இந்தப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சாதிச் சான்றிதழுக்காகவும் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. நான்கு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு, புத்தகம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே வந்து உட்கார் என்று சொல்லும் வகுப்பறையில் இடமே இல்லை. விட்ட படியில் ஏறிக்கொள் என்று சொல்லும் வகுப்பறையில் இடம் இருக்கிறது. படிநிலை முறை யாருக்கு அதிகம் உதவ முடியும் என்று கேட்டால், அந்தப் பிள்ளைக்குத்தான். அவள் திரும்பி வரும் வாரத்தில் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அப்போ நாம் என்ன கேட்கலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ, பிள்ளையைக் கூப்பிடப் போகும்போதோ, "எத்தன மார்க்?" என்று கேட்பதற்குப் பதிலாக இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்.

1. என் பிள்ளை தமிழில் எந்தப் படிநிலை, கணக்கில் எந்தப் படிநிலை? (இரண்டும் வேறாக இருக்கலாம். கணக்கில் மலர், தமிழில் மொட்டு என்பது சகஜம்.)

2. போன பருவத்தில் எங்கே இருந்தாள்? நகர்ந்திருக்கிறாளா?

3. இப்போது எதில் தடுக்குகிறாள்? ஆசிரியர் "கொம்பு வர்ற எழுத்துல" என்று குறிப்பாகச் சொன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். "கொஞ்சம் மந்தம்" என்று சொன்னால், இன்னும் கேட்கவில்லை.

4. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவும் இதில் உதவலாம். பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை.

நாலு மணிக்கு மேல் மணி அடிக்கிறது. பைகள் தோளில் ஏறுகின்றன. அரும்புக் குழுவில் இருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி இன்றைக்கு 'கொடி' என்ற சொல்லைத் தானாகப் படித்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் "என்னா நடத்துனாங்க?" என்று கேட்பார்கள். அவள் பாட்டு, பொம்மை, கொட்டை என்றுதான் சொல்வாள்.

அப்போது ஒரு வேலை செய்யுங்கள். வரும் வழியில் இருக்கும் ஏதாவது ஒரு கடைப் பலகையைக் காட்டி, "இத கொஞ்சம் படிச்சுக் காட்டு" என்று சொல்லுங்கள். பாடம் நடந்ததா இல்லையா என்று அங்கே தெரிந்துவிடும்.